காரணமானி

ஆறுமுகநயினாரின் தலைவலிக்குக் காரணம் அவன் மனைவியின் குரல்தான் என்று மெஷின் சொன்னபோது, அந்த மனைவி பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். செண்பகவடிவு முதலில் சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு எப்போதுமே சத்தமாகத்தான் வரும். முகாம் நடந்த சமுதாயக் கூடத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் தொப்பி மாட்டியிருந்த நயினார் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான்.

அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள் டாக்டர் ஜெயசீலி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இது உங்க மேல குத்தம் சொல்றது இல்ல. சில பேருக்கு வெயில் ஒத்துக்காது. சில பேருக்குத் தயிர் ஒத்துக்காது. இவருக்கு இது.”

“நான் என்ன தயிரா டாக்டர்?” என்றாள் வடிவு. கேட்கும்போதே குரல் தன்னால் தாழ்ந்துவிட்டது. அதற்கு முன்பு எந்தச் சபையிலும் அவள் குரல் தாழ்ந்ததில்லை.

தேரிக்கரைக்குக் காரணமானி வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அதற்கு முன்பெல்லாம் தலைவலி என்று போனால் டாக்டர்கள் சொல்வதை நாம் அறிவோம். தூக்கமில்லை, கண்ணாடி போடணும், சைனஸ், பித்தம், ஒன்றும் பிடிபடாவிட்டால் டென்ஷன். காரணமானி அந்தக் குழப்பத்தையெல்லாம் ஒழித்தது. வலி இருக்கும்போதே வந்து உட்கார வேண்டும். தலையில் ஒரு தொப்பி. மெஷின் கண்ணுக்கு வெளிச்சம் காட்டும், மூக்குக்கு வாசனை காட்டும், சாப்பாட்டுப் படம் காட்டும், குரல்களைக் கேட்க வைக்கும். எதற்கு மூளை துள்ளுகிறதோ அதுதான் காரணம். ஒரு பஸ் கண்டக்டருக்குப் பல வருஷமாக மண்டை பிளந்துகொண்டிருந்தது. சீட்டுக்குப் போட்ட ரெக்சின் வாசனைதான் என்று மெஷின் சொன்னது. சீட்டை மாற்றினார்கள், வலி போய்விட்டது. ஊரே மெஷினைக் கும்பிட்டது.

பிறகு மெஷின் ஆட்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது.

அதிலும் முதலில் வேடிக்கைதான். டீக்கடையில் ஒருவரையொருவர் “உன் காரணம் சௌக்கியமா?” என்று கேட்டுக்கொண்டார்கள். வேடிக்கை சீக்கிரமே வேறு மாதிரி ஆனது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்து மானி பார்த்தார்கள். வயதான அம்மாவை ஹோமில் சேர்க்க மனசு வராமல் இருந்த பிள்ளைகளுக்கு மானி ஒரு நல்ல வார்த்தை எடுத்துக் கொடுத்தது. குடும்பக் கோர்ட்டில் வக்கீல்கள் வேறு சாட்சி தேடுவதை விட்டார்கள். மெஷினுக்கு யார் மீதும் பகை கிடையாது, அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

வடிவும் அதை நம்பினாள். நம்பியதுதான் அவள் செய்த முதல் காரியம்.

அவள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கும் குரல். நயினார் அவளைக் கட்டியதே அந்தக் குரலைக் கேட்டுத்தான். ஒரு ஆண்டுவிழாவில் மைக்செட் போட வந்தவன் அவன். பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெயர்களை அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் ஏதோ கோளாறு, பார்க்க வேண்டும் என்று மறுவாரமும் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றான். அப்புறம்தான் பேட்டரி கம்பெனியில் வேலை கிடைத்தது. பவுடர் கலக்கும் பிரிவில் ஆபரேட்டர். கல்யாணம், ஆலைக்குக் கிழக்கே காலனியில் வீடு, மகள் ஆவுடைச்செல்வி.

அந்த வீட்டில் இப்போது வடிவு பேசுவதை நிறுத்தினாள்.

ஒரே நாளில் இல்லை. முதலில் மெதுவாகப் பேசினாள். பிறகு காதோடு காதாக. அதற்கும் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது கையால் காட்டப் பழகினாள். சாப்பிட வரச் சொல்லத் தட்டை உயர்த்திக் காட்டினாள். கோபம் வந்தால் பின்பக்கம் போய்த் துணி துவைத்தாள்.

“ஏளா வடிவு, இப்படி இருக்காத,” என்றான் நயினார் ஒருநாள். நல்லவன் அவன். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. நீ பேசு.”

அவள் வாயைத் திறந்தாள். “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்க நினைத்தாள். அவன் முகம் அவனை அறியாமலே ஒரு பக்கமாகச் சுளித்துக்கொள்வது தெரிந்தது. அடி விழப்போகிறது என்று தெரிந்த முகம். அவள் வாயை மூடிக்கொண்டு மாத்திரையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

ஆவுவுக்கு அம்மாவின் குரல் அப்படியே வாய்த்திருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. யாரும் அவளை அடக்கவில்லை. அவளே நிலைமையைப் பார்த்துத் தன் பேச்சையும் காற்றாக்கிக்கொண்டாள். ஒரு நாள் அவள் கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து அழுவதை வடிவு பார்த்தாள். அடுத்த வாரமே மகளை சங்கரன்கோவிலில் நயினாரின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அங்கேயாவது பிள்ளை வாய்விட்டு அழட்டும் என்று.

ஆனி மாதம் மேல்காற்று பலமாகியபோது நயினாரின் வலியும் முற்றியது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. ஃபேன் சுற்றுவதுதான் கேட்கும். அப்படியும் வலித்தது. மறுபடி மானியில் உட்கார்ந்தான். மறுபடியும் அதே பதில். பேசாவிட்டாலும் பேசிவிடுவாளோ என்று மூளை காத்துக்கொண்டிருக்கிறதாம். கம்பெனியின் ஆலோசகர் அப்படி விளக்கினார். ஆலைக்கு மேற்கே தனியாள் குவார்ட்டர்ஸ் கட்டியிருக்கிறோம், கொஞ்ச காலம் அங்கே இருந்து பாருங்கள் என்றார்.

போகும்போது நயினார் வாசலில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “போயிட்டு வந்துருதேன்,” என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

மூன்றாம் நாள் போனில் ஒரு வரி வந்தது. ‘வலி சுத்தமா போயிருச்சு வடிவு.’

அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்று நினைத்தபோது உண்மையிலேயே நெஞ்சு குளிர்ந்தது. அதே நேரத்தில், இத்தனை வருஷம் ஒரு மனுஷனுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு அவன் தலையில் ஆணி அடித்திருக்கிறோம் என்பதும் நிச்சயமாகிவிட்டது. இனி எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. ‘நல்லது’ என்று பதில் அனுப்பினாள். வேறு என்ன எழுத?

அதோடு முடிந்திருந்தால் அவள் அப்படியே வாழ்ந்து தீர்த்திருப்பாள். பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே அவளுக்கு வாய் இருந்தது. வீட்டில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பிள்ளைகளிடம் பேசினாள். கதை சொன்னாள், வாய்ப்பாடு கத்த வைத்தாள். ஆடி மாதம் கம்பெனிக்காரர்கள் பிள்ளைகளுக்கும் இலவசமாக மானி பார்க்க வந்தார்கள். காலனிப் பிள்ளைகள் நிறையப் பேர் வகுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள் என்று பள்ளிக்கூடம்தான் கேட்டிருந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு ‘அம்மா’ என்று வந்தது. மூன்றாம் வகுப்பில் மட்டும் வரிசையாக ‘டீச்சர்’ என்று வந்தது.

தலைமை ஆசிரியர் பாக்கியநாதன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். ஃபேனைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார்.

“டீச்சர், எனக்கு உங்களத் தெரியும். ஆனா பெத்தவங்க நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. லீவுல போங்க. லீவுன்னே வச்சுக்கிடுவோம்.”

“எத்தனை நாளைக்கு சார்?”

அவர் ஃபேனை மறுபடி நிறுத்தினார்.

வெளியே வரும்போது அவள் வகுப்புப் பையன் ஒருவன், ராஜபாண்டி, ஓடிவந்து அவள் புடவையைப் பிடித்தான். “டீச்சர், நான் மெஷின்ல உங்க பேரைச் சொல்லவே இல்ல டீச்சர். அதுவாச் சொல்லிட்டு. சத்தியமா,” என்று அழுதான். அவன் தலையைத் தடவக் கையைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். தொட்டாலும் வலிக்குமோ என்னவோ.

அதற்குப் பிறகு சில மாதங்கள் அவள் யாரோடும் பேசவில்லை. பால்காரனுக்கு விரலைக் காட்டுவாள். கடையில் பொருளைத் தொட்டுக் காட்டுவாள். ஆவு வீடியோவில் வந்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புரட்டாசியின் கடைசியில் ஒரு நாள் எதற்கோ இருமியபோது, அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று அவளுக்கே திடுக்கிட்டது. அன்றைக்குத்தான் டாக்டர் ஜெயசீலியைப் பார்க்கக் கிளம்பினாள்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே டாக்டருக்குச் சொந்த கிளினிக் இருந்தது. சனிக்கிழமை மட்டும் உட்காருவாள். கூட்டம் இல்லை. வடிவை அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“என் குரலை எடுத்துருங்க டாக்டர்,” என்றாள் வடிவு. பல நாள் பேசாத தொண்டை கரகரத்தது. “ஆபரேஷன் ஏதாச்சும் இருக்கும்லா? புருஷனுக்கு வலிக்கி, படிக்கிற பிள்ளையளுக்கு வலிக்கி. நாளைக்கு என் மவளுக்கு வலிக்கும். இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“உங்களுக்குத் தலைவலி உண்டா?”

“காலனியில யாருக்கு இல்ல? மேகாத்து அடிக்கிற மாசம் பூரா கண்ணைத் திறக்க முடியாது. பொம்பளையள யாரு கேட்டா? முகாம் கம்பெனி ஆளுகளுக்குத்தானே.”

“மேல்காத்து எங்கேருந்து எங்க போகுது?”

“மேற்கேருந்து...” வடிவு நிறுத்தினாள். மேற்கே ஆலை. கிழக்கே காலனி.

“மெஷினுக்குத் தானா ஒண்ணும் தெரியாதும்மா,” என்றாள் டாக்டர். சொல்லிச் சொல்லி அலுத்ததைச் சொல்வது போல இருந்தது அவள் குரல். ஆனால் அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. “நாம காட்டுறதுக்குள்ளதான் அது தேடும். வெளிச்சம் காட்டுறோம், சாப்பாடு காட்டுறோம், குரல் காட்டுறோம். ஆலைக்குள்ள இருக்கிற வாசனை எதையும் காட்டக் கூடாதுன்னு கம்பெனி ஆரம்பத்துலயே சொல்லிட்டுதான் மெஷினை வாங்கிச்சு.”

“அப்போ காட்டுனதுல காரணம் இல்லேன்னா? தெரியலன்னுல்லா சொல்லணும்?”

“முதல்ல அப்படித்தான் சொல்லிச்சு. தெரியலன்னு சொல்ற மெஷினை யாரும்மா வாங்குவா? அந்தப் பதிலை எடுத்துட்டாங்க. இப்போ அது எதையாவது ஒண்ணைச் சொல்லியே ஆகணும். காட்டினதுலயே மூளை எதுக்கு அதிகமாத் துள்ளிச்சோ, அது பேரைச் சொல்லிடும்.”

“துள்ளுனா வலிக்கின்னுதானே அர்த்தம்?”

“மூளை வலிக்கு மட்டும் துள்ளாது.” டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தாள், வைத்தாள். “ஸ்கூல் விட்டு வாசல்ல நிக்கிற பிள்ளை, கூட்டத்துல அம்மா சத்தம் கேட்டதும் துள்ளுதில்ல? அதுவும் துள்ளல்தான். மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணு.”

வடிவுக்கு அது புரிய நேரம் ஆயிற்று. புரிந்தபோது சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“உங்க குரல் போட்டப்போ அவருக்குத் திரையில கோடு எவ்வளவு உயரம் போச்சு தெரியுமா? அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான். உங்களை ரொம்பப் பிடிச்ச பிள்ளைங்களுக்குத்தான் உங்க பேரு வந்திருக்கும்.”

“இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டா அன்னைக்கு எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க?”

“அன்னைக்கு முழுசாத் தெரியாது. சந்தேகம் இருந்துச்சு.” டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “எனக்கும் வலிச்சுதும்மா. முகாமுக்கு வாரத்துல பாதி நாள் அங்கதானே இருந்தேன். நானே உக்காந்து பார்த்தேன். எங்க அம்மா பேரு வந்துச்சு. மனசுல அந்தச் சந்தேகம் இருந்தாலும், வலிக்கிறப்போ யாரு மேலயாவது போட்டாத்தான் ஆறுது. ஹோம்ல சேர்த்தேன். போன தை மாசம் அங்கயே போய்ச் சேர்ந்துட்டாங்க.”

வடிவு எழுந்து டாக்டரின் கையைப் பிடித்தாள். “நீங்க வந்து அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாவ.”

“மாட்டேன்.” கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். “நான் சொன்னதா நீங்க சொன்னாலும் இல்லைன்னுதான் சொல்லுவேன். ஆனா ஒண்ணு. ஐப்பசி பிறக்கப் போகுது. ஆலைக்குள்ள சேருற புகையைச் சிம்னி வெளிய தள்ளிடுது. கிழக்கேருந்து கொண்டல் காத்து திரும்பிட்டா அது அப்படியே மேற்கே போகும், குவார்ட்டர்ஸ் பக்கம். நீங்க இல்லாத இடத்துலயும் வலிக்க ஆரம்பிச்சா, அவருக்கே விளங்கும். சீக்கிரம் போங்க.”

“சீக்கிரம்னா?”

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டாள்.

ஆனால் கொண்டல் இன்னும் நிலைகொள்ளவில்லை. காற்று இப்படியும் அப்படியும் அலைந்துகொண்டிருந்தது. காற்று திரும்பாமல் போய்ச் சொன்னால் நம்ப மாட்டான், வலி வந்த பிறகு சொன்னால் சொல்லவே வேண்டியிருக்காது என்று வடிவு கணக்குப் போட்டாள். காத்திருந்தாள். தினமும் காலையில் மொட்டைமாடிக்குப் போய்க் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாள். ஐப்பசி முடியும்போது ஒரு நல்ல மழை பெய்தது. அதற்கு மறுநாளிலிருந்து துணிகள் மேற்குப் பார்த்துப் பறந்தன. அவள் தலை தெளிந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வெயிலைக் கண் கூசாமல் பார்த்தாள். இன்னும் சில நாள் போகட்டும், அவனுக்கு நன்றாக உறைக்கட்டும் என்று பொறுத்தாள். அவனுக்கு வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறோமே என்பது வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

கார்த்திகை முதல் வாரத்தில் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், இவள் தனக்குத்தானே பேசுவதைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வடிவு அதைக் கவனிக்கவே இல்லை. எப்படிச் சொல்லலாம், எதை முதலில் சொல்லலாம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டிப் பெண் அவள் முகத்தைக் கேமராவில் காட்டச் சொன்னாள். திரை சிவப்பாகியது.

“உள்ள விட முடியாதுக்கா. உங்க பேருல காரணம் இருக்கு,” என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் வருத்தத்தோடுதான். “இன்டர்காம்ல வேணா பேசிக்கிடுங்க. லைன் போட்டுத் தாரேன்.”

மணி போயிற்று. எடுக்கும் சத்தம் கேட்டது.

“ஹலோ.”

அந்த ஒற்றைச் சொல்லிலேயே அவனுக்கு வலி இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் குரல். கடவுளே, வலிக்கிறது, நல்லவேளை.

“நாந்தான்,” என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனிடம் அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டி வந்ததில்லை.

“நாந்தான்னா? யாருங்க?”

“என்னங்க, நாந்தான்.”

“மன்னிக்கணும்மா. யாரு வேணும் உங்களுக்கு? இது பி பிளாக், ஆறுமுகநயினார் பேசுதேன்.”

கோபத்தில் விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்த மரியாதை விளையாட்டு மாதிரி இல்லை. “வடிவுங்க. செண்பகவடிவு. உங்க பொண்டாட்டி.”



“வடிவா?” என்றான். பிறகு, தனக்குத்தானே சொல்வது போல, “அப்போ வேலை செஞ்சிருக்கு,” என்றான்.

“எது?”

“மழுக்குன்னு ஒண்ணு வந்திருக்குளா. ஐப்பசிக் கடைசியில வலி மறுபடி ஆரம்பிச்சிட்டு. மானியில உக்காந்தேன். மறுபடியும் நீதான் வந்த. ஆளு பக்கத்துல இல்லேன்னாலும் குரல் உள்ளயே ஓடிக்கிட்டு இருக்குன்னாவ. அதை மட்டும் மூளைக்கு அடையாளம் தெரியாம மழுக்கிட்டா சரியாயிரும்னாவ. போன வாரம்தான் செஞ்சாவ. கத்தியெல்லாம் கிடையாது. தொப்பி மாட்டி உக்கார வைக்கிறதுதான்.”

வடிவு இன்டர்காம் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டாள். “இப்போ நான் பேசுறது எப்படி இருக்கு?”

“இருக்கு. வார்த்தை எல்லாம் புரியுது. பேங்க்ல இருந்து யாரோ பேசுத மாரி இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்க,” என்றான். நீ என்று ஆரம்பித்தவன் எங்கே மாறினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“வலி போயிட்டா?”

“இல்ல.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிப் பார்த்த ஒழுங்கில் எதுவும் வரவில்லை. புகையை முதலில் சொன்னாள், காற்றைச் சொன்னாள், காட்டாத வாசனையைச் சொன்னாள், தெரியவில்லை என்ற பதிலை எடுத்துவிட்டதைச் சொன்னாள். திரையில் உயரப் போன கோட்டைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். டாக்டரின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அவன் கடைசிவரை கேட்டான். அவசரப்படுத்தவே இல்லை.

“புகைன்னு யூனியன்லயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கானுவ,” என்றான். “ஆனா உங்கள விட்டு இங்கன வந்ததும் சுவிட்ச்ச அமத்துன மாரி வலி நின்னுச்சே. அது பொய்யா?”

“அது காத்துங்க! மேகாத்துல நம்ம வீட்டுப் பக்கம் அடிச்சுது, இப்போ கொண்டல்ல உங்க பக்கம் அடிக்கி. வெளிய வந்து துணி எந்தப் பக்கம் பறக்குன்னு பாருங்க!”

“கத்தாதீங்கம்மா.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றான் நயினார். “இதையே பழைய குரல்ல நீ வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பேனோ என்னவோ. நீ எது சொன்னாலும் நம்புனவன்தான். இப்போ ரோட்டுல போற யாரோ நிப்பாட்டிச் சொல்லுத மாரி இருக்கு. நான் என்ன செய்ய?”

செக்யூரிட்டிப் பெண் வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

“இன்னைக்குக் காலையில திரும்ப மானி பாத்தாவ,” என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. “ஆவு பேரு வந்திருக்கு. உன் குரலைத் தேடிக்கிட்டுப் போன மூளை அவ குரலைப் புடிச்சிக்கிட்டாம். வியாழக்கிழமை மழுக்குதாவ.”

“வேண்டாங்க. உங்க காலப் புடிச்சிக் கேக்கேன். பிள்ளைய விட்டுருங்க. இந்தக் குவார்ட்டர்ஸை விட்டு வாங்க. சங்கரன்கோவிலுக்குப் போயி ரெண்டு நாள் உங்க தங்கச்சி வீட்டுல இருந்து பாருங்க. நான் வரல. நான் எங்கயும் வரல. நீங்க மட்டும் போங்க.”

“லீவு போட்டா வேலைய விட்டு எடுத்துருவானுவ. வலியோட வேலைக்குப் போனா கை உள்ள போயிரும். நேத்து கலக்குற டிரம்முக்குள்ள தெரியாம கைய விடப் பாத்தேன். பக்கத்துல நின்னவன் இழுத்தான்.” அவன் மூச்சை இழுத்து விட்டான். “தூங்கணும்ளா எனக்கு. ஒரு நாள் தூங்குனாப் போதும்.”

வடிவு இன்டர்காமைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஒரு உதவி செய்யணும் நீங்க,” என்றான். “வியாழக்கிழமைக்கு முந்தி ஆவுவ ஒரு தடவை போன்ல பேசச் சொல்லுங்க. நானாக் கூப்பிட்டா அவ எடுத்து வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கா. எனக்கு வலிக்குமாம். வியாழக்கிழமைக்குப் பொறவு அவ பேசுனா நீங்க பேசுத மாரித்தானே இருக்கும் எனக்கு.”

லைன் நின்றது. அவன் வைத்தானா, நேரம் முடிந்துவிட்டதா என்று தெரியவில்லை.

வடிவு பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்தாள். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு ஒருவன். தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவன். தனியாள் குவார்ட்டர்ஸில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். ஒவ்வொருவனுக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு யாரோ இருப்பார்கள். எழுந்து நின்று கத்தலாமா என்று நினைத்தாள். அவளால் கத்த முடியும், கடைசிக் கட்டிடம்வரை கேட்கும். ஆனால் யாரோ ஒருத்தி கத்துகிறாள் என்றுதான் அவர்கள் தலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

போனை எடுத்து ஆவுவைக் கூப்பிட்டாள். இந்த முறை வீடியோ இல்லை.

“அம்மா?” காற்றாக வந்தது குரல்.

“ஏன்ட்டி இப்படிப் பேசுத? அத்தை வீட்டுல யாருக்கு என்ன வந்துச்சு?”

“ஒண்ணும் இல்லம்மா. பழகிட்டு.” பிள்ளை ஒரு கணம் நிறுத்தினாள். “அம்மா, நீ பேசுத!”

“ஆமா, பேசுதேன். நீ இப்போ அப்பாவுக்குப் போன் போடு. பள்ளிக்கூடத்துல நடந்தது, அத்தை வீட்டுல நடந்தது, சண்டை போட்டது, எல்லாத்தையும் சொல்லு. இப்படிக் குசுகுசுன்னு பேசாத. உன் சத்தத்துல பேசு. அவியளா வைக்கிற வரைக்கும் நீ வைக்கக் கூடாது. நாளைக்கும் போடு. புதன்கிழமையும் போடு.”

“அப்பாவுக்கு வலிக்குமேம்மா.”

“வலிக்கட்டும்,” என்றாள் வடிவு.